உங்களுக்குத் தெரியுமா? கடற்கரையோரம் ஒரு வீடு

கடல் காற்று, காலையில் நடை, மாலையில் சுண்டல், வேறென்ன வேண்டும் என்று சொல்லித்தான் சென்னையில் பலர் தெற்குக் கடற்கரைப் பக்கம் வீடு தேடுகிறார்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று நீளும் இந்தக் கரையில் குடியிருப்பவர்களுக்கும், குடிவர ஆசைப்படுபவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுப் போகிறவர்களுக்கும் இந்த வாரத் துணுக்குகள்.

★

'கடலில் சூரியன் மறைவதைப் பால்கனியில் இருந்தே ரசிக்கலாம்' என்று எந்தத் தரகராவது சொன்னால் அவரிடம் திசை கேளுங்கள். நம்முடையது கிழக்குக் கரை. சூரியன் இறங்குவது வேளச்சேரிப் பக்கம். ஆனால் அதற்கு ஈடாக ஒன்று உண்டு: பௌர்ணமி அன்று சூரியன் இறங்குகிற நேரத்தை ஒட்டி முழு நிலா கடலில் இருந்து எழும்பும். வாடகையைக் கூட்டிச் சொல்ல இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஏனோ தரகர்கள் இதைச் சொல்வதே இல்லை.

★

பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட் வாழ்ந்தது பக்கத்தில், அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில். 1907 முதல் 1933-ல் மறையும்வரை அவர்தான் சபையின் தலைவர். நடுவில் 1917-ல் காங்கிரசுக்கும் தலைவர். வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து, அவென்யூ அவென்யூவாக எண் போட்டதெல்லாம் அவர் காலத்துக்கு வெகு பின்னால். அவருக்கும் முந்திய சபைத் தலைவர் ஆல்காட்டின் பெயரோ, நகருக்குப் போகாமல் மீனவர் குப்பத்துக்குப் போனது. ஊரூர் குப்பத்தை ஒட்டி இருப்பது ஆல்காட் குப்பம்.

★

சென்னையில் ஒரு நாள் வெயில் எவ்வளவு கொளுத்தும் என்பது, அன்று கடல்காற்று எத்தனை மணிக்குக் கரையேறுகிறது என்பதைப் பொறுத்தது. தரை சீக்கிரம் சூடேறும். கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைமேல் இருக்கும் சூடான காற்று மேலே கிளம்ப, அந்த இடத்துக்குக் கடலில் இருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு வந்துவிட்டால் அன்றைய வெயிலின் கொட்டம் அத்தோடு அடங்கும்.

மே மாதக் கடைசியிலும் ஜூனிலும்தான் தகராறு. மேற்கில் இருந்து வறண்ட தரைக்காற்று பலமாக அடித்துக்கொண்டிருக்கும். அது வழிவிடாதவரை கடல்காற்று கரைக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். இரண்டு மணி, மூன்று மணி என்று தள்ளிப்போகும். சில நாள் வராமலே போகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. நகரத்தின் வானிலை வரலாற்றில் அதுதான் உச்சம்.

கடற்கரைக்காரர்களுக்கு இதில் ஒரு சலுகை. காற்று முதலில் தொடுவது அவர்களைத்தான். மீனம்பாக்கம் போய்ச் சேரக் கூடுதல் நேரம் ஆகும். ஆனால் இந்தச் சலுகை முதல் வரிசை வீடுகளுக்கு மட்டும் என்று ஆகிக்கொண்டிருக்கிறது. முன்னால் ஐந்து மாடி எழும்பினால் பின்னால் இருப்பவருக்குக் கடல் சத்தம் மட்டும்தான் வரும். கடலில் இருந்து வீடு எத்தனை மீட்டர் என்று கேட்பதைவிட, கிழக்குப் பக்கத்து மனை யாருடையது என்று கேட்பது புத்திசாலித்தனம்.

★

கிழக்கில் இருந்து வந்தால் கொண்டல், மேற்கில் இருந்து வந்தால் கோடை, தெற்கு என்றால் தென்றல், வடக்கு என்றால் வாடை. இந்த நான்கும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். குப்பத்தில் இவை இன்றும் தினப்படி புழக்கத்தில் இருக்கும் சொற்கள். இடைப்பட்ட திசைக் காற்றுகளுக்கும் அங்கே தனித்தனிப் பெயர் உண்டு. காற்றுக்கு மட்டும் அல்ல, நீரோட்டத்துக்கும் உண்டு: தெற்கில் இருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கில் இருந்து தெற்கே ஓடினால் வன்னி. எந்த வலையை எடுப்பது, எங்கே போடுவது, இன்றைக்குக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதையெல்லாம் இவற்றை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஊரூர் குப்பத்து மீனவர் பாளையம் இந்த அறிவைச் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனோடு சேர்ந்து எழுத்தில் பதிந்து வைத்திருக்கிறார். அடுக்குமாடியில் இருக்கும் நாம் கைப்பேசியில் வானிலைச் செயலியைப் பார்த்துவிட்டுக் குடை எடுக்கிறோம். எடுத்த அன்று மழை வருவதில்லை.

★

கடற்கரை வீட்டில் முதலில் போவது எது? ஏ.சி.யின் வெளிப்பெட்டி. மெக்கானிக் வருவார், பக்கத் தகட்டைக் கழற்றுவார், 'காயில் போயிடுச்சு சார்' என்பார். எட்டிப் பாருங்கள்: செப்புக் குழாயைச் சுற்றி இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே உதிரும். செம்பும் அலுமினியமும் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் ஒரு சின்ன மின்கலமே உருவாகிவிடுகிறது. அதில் அரிபடுவது அலுமினியம்.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது? கரையில் அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் வெடிக்கின்றன. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகளைக் காற்றில் தெறிக்கவிடுகிறது. பெரிய துளிகள் முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடுகின்றன. ஒரே பேட்டையில் இரண்டு தெரு தள்ளி இருப்பவரின் ஜன்னல் கம்பி பிழைத்துக்கொள்வதும், நம்முடையது பொரிந்துபோவதும் அதனால்தான்.

கம்பி போனால் மாற்றிக்கொள்ளலாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிதான் கவலை. நல்ல கான்கிரீட்டுக்குள் இரும்பின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று இருக்கும். உப்பில் உள்ள குளோரைடு உள்ளே இறங்கினால் அந்தப் படலம் உடைகிறது, துரு பிடிக்கிறது. இரும்பு பிடித்திருந்த இடத்தைப்போல் ஆறு மடங்கு இடம்வரை துரு கேட்கும். கிடைக்காதபோது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பால்கனியின் அடிப்பக்கத்தில் நீளமாக ஒரு விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் வெள்ளையடித்து மறைக்கிற வேலை வேண்டாம்.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 இதற்குக் கணக்கே சொல்கிறது. சாதாரணச் சூழலில் கம்பியின்மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருந்தால் போதும். கடற்கரைச் சூழலில் 45. கடல் தெறிப்பு நேராகப் படும் இடம் என்றால் 50. கான்கிரீட்டும் எம்-20 போதாது. எம்-30, எம்-35 வேண்டும். வீடு வாங்கப் போகிறவர்கள் டைல்ஸ் எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்டுப் பாருங்கள், விற்பனைப் பிரதிநிதியின் முகம் போகிற போக்கே தனி.

★

அப்பளம் பொரித்துப் பத்து நிமிடத்தில் நமுத்துப்போகும். உப்பு ஜாடி கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை வெகு வேகமாக இழுப்பதே உப்பு கசியக் காரணம். ஜாடிக்குள் கொஞ்சம் அரிசியைப் போட்டு வைக்கும் பழைய வித்தை இன்றும் பலிக்கிறது.

★

கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் தோண்டிய கிணற்றில் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது?

மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீரின்மேல் எண்ணெய்போல் மிதக்கிறது. கடல்நீரைவிட நல்ல நீர் சுமார் இரண்டரை சதவீதம் இலேசு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சின்ன வித்தியாசம் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதை நெதர்லாந்துப் பொறியாளர் பாடன் கெய்பென் 1888-லும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901-லும் தனித்தனியாகக் கண்டு சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும்.

கேட்க இனிப்பாக இருக்கிறது. அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு மேலே ஓர் அடி இறக்கினால், கீழே இருந்து உப்பு 40 அடி ஏறும். அடியில் பாறையோ களிமண்ணோ இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும், திசை மாறாது. ஏறிய உப்பு ஒரு மழைக்கெல்லாம் இறங்கிவிடாது, வருடக்கணக்கில் ஆகும்.

அதனால் இந்தக் கரையில் ஆழமான போர்வெல் கெட்டிக்காரத்தனம் அல்ல. அகலமாக, மேலோட்டமாகத் தோண்டிய கிணறு, அதில் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பு, கூரையில் விழும் மழையை அதே மணலுக்குத் திருப்பி விடுவது, இதுதான் சரி. நான்கு குடும்பம் இருந்த தனி வீட்டை இடித்து இருபது குடும்பம் ஏற்றும்போது கிணற்றைத்தான் முதலில் மூடுகிறார்கள். பிறகு நூறு அடி, நூற்றைம்பது அடி என்று போர் இறக்கி, உப்பு வந்ததும் லாரிக்குப் போன் செய்கிறார்கள்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது 1987-ல். எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று ஆனது 2003-ல். அதற்கும் முன்பு, 1990-களில், இந்தப் பகுதியில் வீடு வீடாகப் போய் மழைநீரைச் சேமியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் சேகர் ராகவன். இயற்பியல் படித்தவர். அப்போது எத்தனை வீட்டுக் கதவு அவர் முகத்தில் சாத்தப்பட்டிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டம் அல்ல.

★

குழாயில் வருவது கடலாகவே இருக்கலாம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-ல் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் ஆலை 2024-ல் திறக்கப்பட்டது. தென்சென்னையில் பல வீடுகளுக்கு இந்தத் தண்ணீர்தான். கடலோரத்தில் மழைநீரை மணலுக்குள் விடாமல் சாக்கடை வழியாகக் கடலில் சேர்த்துவிட்டு, அதே கடலில் இருந்து மின்சாரம் செலவழித்து நல்ல தண்ணீர் பிரித்து, குழாய் போட்டுத் திரும்பக் கொண்டுவருகிறோம்.

★

பெசன்ட் நகர் கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவை எத்தனையோ சினிமாவில் பார்த்திருப்பீர்கள். காதலர்கள் சாய்ந்து நிற்பதற்காகக் கட்டியது அல்ல அது. 1930 டிசம்பர் 30 அன்று, இங்கே கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கி இறந்த டென்மார்க்காரர் ஸ்மிட்டின் நினைவுச் சின்னம்.

அவரைக் கொன்ற கடல் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் நீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். மணல் திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாகக் குறுகலாக, வேகமாகக் கடலுக்குள் ஓடும். மேலே இருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் சாதுவாகத் தெரியும். நீச்சல் தெரியாதவர் 'இங்கே அலை இல்லை' என்று அங்கேதான் இறங்குகிறார். நொடிக்கு இரண்டு மீட்டர் வேகம்வரை அந்த ஓட்டம் இழுக்கும். ஒலிம்பிக் வீரரும் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்தி வர முடியாது. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் சிறிது தூரத்திலேயே அதன் பிடியில் இருந்து வெளியே வந்துவிடலாம். நீந்தத் தெரியாவிட்டால் மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்டுவது ஒன்றுதான் வழி. போலீஸ்காரர் விசில் ஊதும்போது அவரோடு வாதம் செய்ய வேண்டாம் என்று சொல்வதற்கு இவ்வளவு இயற்பியல் இருக்கிறது.

★

மெரினாவின் அகலத்துக்குக் காரணம் துறைமுகம். வருடத்தில் பெரும்பகுதி இந்தக் கரையில் மணல் தெற்கில் இருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திரும்பும். 1876-ல் தொடங்கிக் கடலுக்குள் துறைமுகச் சுவர்களை எழுப்பியபோது அந்த நடை தடைபட்டது. தெற்குப் பக்கம் மணல் குவிந்து மெரினா விரிந்தது. வடக்கே ராயபுரத்துக்கு வர வேண்டிய மணல் வராமல் கடல் ஊருக்குள் புகுந்தது. இன்றும் அங்கே கல் கொட்டித்தான் கரையைக் காக்கிறார்கள். கடற்கரை என்றால் மெரினா என்று பெருமைப்படுகிறவர்கள் வடசென்னைக்காரர்களிடம் இதைப் பேசாமல் இருப்பது நல்லது.

★

அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் பாதியில் நிற்கிறதே ஒரு பாலம், அது 1967-ல் மீனவர்கள் சாந்தோம் பக்கம் போய்வர வசதியாகக் கட்டியது. 1977-ல் ஆற்று வெள்ளம் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு அது பாலமாகப் பயன்படவில்லை. சினிமாவில் மட்டும் சண்டைக் காட்சிக்குச் சண்டைக் காட்சி பயன்பட்டது.

★

1909-ல் அடையாறு கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு தெலுங்குச் சிறுவனைப் பார்த்து, 'உலக குரு இவன்தான்' என்று முடிவு கட்டினார் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர். சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தி. இருபது வருடம் கழித்து, எனக்குச் சீடர்களே வேண்டாம் என்று தனக்காகத் தொடங்கிய அமைப்பையே கலைத்துவிட்டார்.

★

ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் அடையாற்றில் தொடங்கிய கலாக்ஷேத்ரா, 1962-ல் திருவான்மியூருக்கு இடம் மாறியபோது அங்கே இருந்தது மணல்வெளி. இன்று உள்ளே நுழைந்தால் தெரிகிற நிழல் அத்தனையும் வைத்து வளர்த்தது. கடற்கரை மணலில் ஒன்றும் முளைக்காது, அதனால் முழுக்க சிமென்ட் தளம் போட்டுவிட்டேன் என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் ஒருநாள் அந்தப் பக்கம் போய்விட்டு வரலாம்.

★

மணலில் தானே முளைத்துப் படர்வது அடும்பு. ஆட்டுக் காலடிபோல் இலை, ஊதாப் பூ. சங்க காலத்து நெய்தல் நிலத்துக்கு உரிய கொடி. அதோடு ராவணன் மீசை என்னும் முள் புல்லும் சேர்ந்துகொண்டால் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்கிவிடும். அந்த மேடுதான் புயல் அலைக்கு முதல் தடுப்பு. 'அழகுபடுத்தும் பணி' என்று பலகை மாட்டினால் முதல் வேலையாக இவை இரண்டையும் களை என்று பிடுங்குவார்கள். அப்புறம் அதே இடத்தில் புல்தரை போட்டுக் குழாயில் தண்ணீர் விடுவார்கள்.

★

தை தொடங்கிப் பங்குனி கடந்தும் இந்தக் கரைக்கு ராத்திரியில் விருந்தாளிகள் வருகிறார்கள். பங்குனி ஆமைகள். மணலைப் பின்துடுப்பால் தோண்டி நூறு, நூற்றிருபது முட்டைகள் இட்டு, மூடி, உடம்பை ஆட்டி மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். நாயும் மனிதரும் முட்டையை எடுத்துவிடாமல் இருக்க, மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் 1988-ல் இருந்து இரவெல்லாம் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடந்து, முட்டைகளைச் சேகரித்து, கரையிலேயே வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். சுமார் 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளியே வரும்.

ஆணா பெண்ணா என்பதை இங்கே முடிவு செய்வது மணலின் சூடு. சூடு ஏறினால் பெண், குறைந்தால் ஆண்.

குஞ்சு ஆமைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: வெளிச்சம் இருக்கும் பக்கம் கடல். இருட்டுக் காலத்தில் அது சரி. அலைமேல் நட்சத்திர வெளிச்சம்தான் இருந்தது. இப்போது கரைப்பக்கம் தெருவிளக்கும் உணவக விளக்கும் கடலைவிடப் பிரகாசமாக எரிகின்றன. குஞ்சுகள் ரோட்டை நோக்கி ஏறுகின்றன. கடல் பார்த்த வீட்டில் இருப்பவர் ஆமைக்காகச் செய்யக்கூடிய உதவி, அந்த மாதங்களில் மொட்டை மாடி விளக்கை அணைப்பது. செலவு இல்லை, மின் கட்டணமும் குறையும்.

கடலுக்குள் நடப்பது வேறு கதை. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவைப் படகின் மடியில் மணிக்கணக்காகச் சிக்கினால் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. கரையில் இருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக் கூடாது என்பது தமிழ்நாட்டில் உள்ள விதி. ராத்திரியில் கரையில் நின்று பார்த்தால் விளக்குகள் எவ்வளவு பக்கத்தில் தெரிகின்றன என்பதை நீங்களே கண்ணால் அளந்துகொள்ளலாம்.

★

2019 ஆகஸ்டில் ஒரு ராத்திரி, திருவான்மியூர் பக்கம் அலைகள் நீல நிறத்தில் ஒளிர்ந்தன. ஊரே வண்டியெடுத்துக்கொண்டு ஓடி வந்தது. காரணம் நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. அலை தட்டினால் மின்னும். பார்க்க அழகுதான். ஆனால் அது அளவுக்கு மீறிப் பெருகுவது கடலின் ஆரோக்கியத்துக்கு நல்ல அறிகுறி அல்ல.

★

2004 டிசம்பர் 26, ஞாயிறு. சுமத்ரா அருகே கடலுக்கடியில் நிலம் நடுங்கியபோது நம் கடிகாரத்தில் காலை 6.29. அலை சென்னைக்கு வந்து சேர்ந்தது ஒன்பது மணிவாக்கில். இரண்டரை மணி நேரம் இருந்தும் இந்தியப் பெருங்கடலில் சொல்ல ஆள் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது 2007-ல்தான். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கக் கூடாது, உயரமான இடத்துக்கு ஓட வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அன்றைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது கல்லூரிக்கே வந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது செய்தி மட்டும்தான்.

★

உயர் அலைக் கோட்டில் இருந்து 500 மீட்டர்வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். முதல் அறிவிக்கை 1991 பிப்ரவரி 19 தேதியிட்டது. 2011-லும் 2019-லும் மாற்றி எழுதினார்கள். ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகர்ப்பகுதியில் புதிதாகக் கட்டுவதென்றால், இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கம்தான் கட்டலாம், கடல்பக்கம் கூடாது என்பது அதன் சாரம். 'சார், முன்னாடி வேற எதுவும் வராது, வியூ உங்களுக்கே' என்று தரகர் சத்தியம் செய்வது இந்த விதியை நம்பித்தான். அதே விதி உங்கள் மனைக்கும் பொருந்துமா என்பதைப் பத்திரம் பதிவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். தலைமுறை தலைமுறையாகக் கரையில் வலை உலர்த்தும் குப்பத்துக்காரர் பட்டாவுக்கு அலைகிறார். நேற்று வந்த பங்களாவுக்கு மதில் எழும்பிவிடுகிறது. விதி ஒன்றுதான்.

★

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் இருந்து செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா. காவி உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் நகரின் நாலா பக்கமிருந்தும் வருவார்கள். அதில் எல்லா மதத்தாரும் உண்டு. சற்றுத் தள்ளி, அலைக்கு நேர் எதிரே 1976-ல் குடமுழுக்கு கண்ட அஷ்டலட்சுமி கோயில், அதற்கு அடுத்து ஆறு படைவீடும் ஒரே வளாகத்தில். அந்தப் பதினோரு நாளும் காரை வெளியே எடுத்தால் திரும்ப நிறுத்த இடம் கிடைக்காது. உள்ளூர்க்காரர்கள் மளிகையை முன்பே வாங்கி வைத்துவிடுவார்கள்.

★

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று சொல்லி விசைப்படகுகளைக் கரையில் கட்டிவிடுவார்கள். கடையில் வஞ்சிரம் விலை கேட்டால் தலை சுற்றும். ஆனால் தடை சிறு படகுகளுக்கு இல்லை. ஊரூர் குப்பத்தில் ஃபைபர் படகுகள் அந்த நாட்களிலும் விடியற்காலையில் போய் வருகின்றன. படகு மணலில் ஏறியதும் வலையை விரித்துப்போட்டு மீனைக் கழற்றுவார்கள். அங்கேயே பிளாஸ்டிக் கூடையில் சங்கரா, காணாங்கெளுத்தி, நண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் இறால். செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால் வாங்கலாம். நெத்திலி வேண்டும் என்றால் கிலோவாகக் கேட்காதீர்கள், கூறு என்ன விலை என்று கேளுங்கள். பேரம் படிந்த பிறகு ஒரு கை அள்ளிப் போடுவது அந்த அம்மாவின் இஷ்டம். ஆய்ந்து தரச் சொன்னால் அதற்குத் தனிக் காசு.